டிலைட்டா, பத்மினியா, பாலியோவா? வேலூரில் தினம் ஓட்ட ஒரு பழைய ஃபியட்

பழைய ஃபியட் ஒன்றை வாங்கிச் சரிசெய்து, கவர் போட்டு மூடிவைக்காமல் தினமும் வேலைக்கு எடுத்துப்போக வேண்டும். எந்த மாடல் எடுக்கலாம்? இப்படிக் கேட்பவர்களின் ஓட்டம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடி, பாகாயத்திலிருந்து கிரீன் சர்க்கிள், நடுவில் எப்போதாவது ராணிப்பேட்டை. நம் பக்கம் கைக்கு எட்டுகிற இத்தாலிக் குடும்பத்துக் கார்கள் ஐந்து: ஃபியட் 1100 டிலைட், பிரீமியர் பத்மினி, பிரீமியர் 118 என்இ, யூனோ, பாலியோ. ஆல்ஃபா ரோமியோ, லான்சியா கனவில் இருப்பவர்களுக்கு இந்த அலசல் உதவாது. அவற்றுக்கு ஒரு ரப்பர் புஷ் வேண்டுமென்றாலும் கடல்தாண்டித்தான் வர வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஐந்தில் வயது கூடியவைதான் தினசரி ஓட்டத்துக்கு எளிது. புதியதாகத் தெரியும் பாலியோதான் ஒருநாள் ஷெட்டில் ஏறி மாதக்கணக்கில் இறங்காமல் நிற்கும். கேட்பவர்கள் நம்புவதில்லை. காரணம் வம்ச வரலாற்றில் இருக்கிறது.

1953-இல் இத்தாலியில் வந்த 1100/103 என்ற காரைத்தான் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி எடுத்துச் செய்யத் தொடங்கியது. 1960-களின் நடுவில் டிலைட் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஃபியட் பெயர் போய் பிரீமியர் பிரெசிடென்ட் ஆனது, 1974-இல் பத்மினி ஆனது. பெயர்ப் பலகை மாறியதே தவிர உள்ளே இருந்தது அதே 1089 சிசி பெட்ரோல் எஞ்சின், நான்கு கியர், பின்சக்கர இழுவை, பின்னால் லீஃப் ஸ்பிரிங். இந்த நூற்றாண்டு பிறக்கும்வரை அதையே செய்தார்கள். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகளில் கடைசிப் பத்மினி 2003 அக்டோபரில் பதிவானது; அங்கே டாக்சிக்கு 20 வயதுதான் வரம்பு என்பதால் 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. அதாவது நேற்றுவரை ஒரு மாநகரமே இந்தக் காருக்கு ஸ்பேர் வாங்கிக்கொண்டிருந்தது. பிஸ்டன், ரிங், வால்வு, கிளட்ச் பிளேட், வீல் சிலிண்டர், வாட்டர் பம்ப் கிட் எல்லாம் இன்னும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் கேட்டால் எடுத்துத் தருவார்கள். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத்துக்கா பஞ்சம்?

எனவே டிலைட்டுக்கும் பத்மினிக்கும் எஞ்சின் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் டிலைட் ஏன் அத்தனை விலை? அழகுக்கு. முகப்புக் கிரில், பம்பர், விளக்கைச் சுற்றியுள்ள குரோம் வளையம், பட்டை, பேட்ஜ், டாஷ்போர்டு மீட்டர் எல்லாம் அந்தக் காலத்தவை. இவைதான் கிடைக்காது. கிடைத்தாலும் விற்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் விலை சொல்வார். எங்கள் பக்கத்து மெக்கானிக் அண்ணன் ஒருவர் டிலைட் வாங்க வந்தவரிடம் சொன்னது: “எஞ்சினு எப்டிகீதுன்னு என்ன கேக்காத சார், அத நான் பாத்துக்கறேன். கிரில்லு கீதா, அத மட்டும் சொல்லு.” ஃபோட்டோவுக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் என்றால் டிலைட். தினம் சி.எம்.சி. வாசலில் ஆட்டோக்களுக்கு நடுவே நுழைந்து வெளியே வர வேண்டுமென்றால், உரசினால் மனசு உடைந்துபோகாத பத்மினி. டிலைட்டுக்கும் முந்தைய செலக்ட் வகை மாடல்களில் முன்கதவு பின்பக்கக் கீலில் திறக்கும். பார்க்க ராஜகளை. ஆனால் ஓட்டத்தில் தாழ்ப்பாள் விட்டால் காற்றே கதவை விரித்துவிடும். தினசரிக் கணக்கிலிருந்து அதை நீக்கிவிடுங்கள்.

டிலைட் மேல் ஆசைப்படுகிறவர்கள் விழுகிற இன்னொரு குழி, விண்டேஜ் பதிவு. 2021 ஜூலையில் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, அடிப்படை அமைப்பு மாறாத காரை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, விண்டேஜ் ரேலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். தினம் ஆபீஸ் போவது சட்டப்படி தப்பு. 1960-களின் டிலைட் தாராளமாக இந்த வயதுக்குள் வருகிறது. “விண்டேஜ்ல மாத்திடலாம் சார், செலவு மிச்சம்” என்று புரோக்கர் சொன்னால் தலையாட்டாதீர்கள். சாதாரணப் பதிவிலேயே வைத்திருங்கள்.

சாதாரணப் பதிவும் இப்போது மலிவில்லை. 15 ஆண்டு முடிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணம் 600-இலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வயது தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆகிவிட்டது. ஆர்சியில் இறக்குமதி வண்டி என்று இருந்தால் 80,000. ஜிஎஸ்டி தனி, பசுமை வரி தனி. எனவே விலை பேசும்போது புதுப்பித்தல் எத்தனை ஆண்டு பாக்கி என்பதையும் பேசுங்கள். மூன்று ஆண்டு பாக்கியுள்ள கார் நிச்சயம் கூடுதல் விலைக்குத் தகும்.

எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் ஆர்சி புத்தகத்தோடு நீங்களே ஒப்பிட வேண்டும். 80, 90-களில் பெட்ரோல் செலவுக்குப் பயந்து மேட்டடோர் வேனின் டீசல் எஞ்சினைத் திணித்த ஃபியட்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். மாற்றம் ஆர்சியில் ஏறாமல் இருந்தால் எஃப்சியில் நிற்கும். பழைய கைப்புத்தக ஆர்சி இன்னும் ‘வாகன்’ என்ற அரசுக் கணினிப் பதிவேட்டில் ஏறாமல் கிடந்தால், அதை விற்பவர் தலையிலேயே கட்டுங்கள். ஏற்றித் தந்தபிறகு மீதிப் பணம்.

பாடி விஷயத்துக்கு வருவோம். உண்மையான செலவு இங்கேதான். இந்த ஃபியட்களுக்கு அம்பாசிடர் போலவே தனி சேசிஸ் கிடையாது, தகடே எலும்பு. தரைத்தகடும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித்தகடும் துருவேறியிருந்தால் மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் வண்டி நடுவில் தொய்யும். சோதனை எளிது. கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். பிறகு ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தைத் தூக்கி மறுபடி மூடிப் பாருங்கள். முதலில் சரியாக மூடிய கதவு இப்போது இடித்தால் எழுந்து வந்துவிடலாம். சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி, மட்கார்டு விளிம்பு, கதவின் அடிப்பாகம் எங்கும் ஓட்டுங்கள். ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை மறைக்கப் பூசிய பட்டிதான். நம் ஊர்க் கார்களுக்குத் துரு குறைவு என்பது ஓரளவு நிஜம். கடற்கரை ஊர்களில் ஓடியவற்றைவிடப் பாலாற்றங்கரைக் கார்களின் அடித்தகடு தேவலை. அதனால் சென்னைக் காரைவிட குடியாத்தம், ஆம்பூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கார்களைத் தேடச் சொல்வேன். டிங்கர் வேலையை மழைக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். ஐப்பசி ஈரத்தில் அடித்த பிரைமர் நாள்பட நிற்காது.

இனி ஓட்டுவது. வேலூர்க் கத்திரி வெயிலில் பழைய ஃபியட்டின் பழைய வியாதி, சூட்டில் நிற்பது. பெட்ரோல் பம்ப் எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஊர்ந்து ஊர்ந்து ஆற்காடு சாலையைக் கடக்கும்போது பம்பிலும் டியூபிலும் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வராமல் வண்டி திணறும். ஈரத்துணியைப் போட்டுக் காத்திருப்பதுதான் பாட்டன் காலத்து வைத்தியம். தினம் ஓட்டுபவருக்கு அது போதாது. ரேடியேட்டரைக் கழற்றிக் குழாய்களைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள், ரேடியேட்டருக்கு எலக்ட்ரிக் ஃபேன் ஒன்று போடுங்கள், பெட்ரோல் டியூபைச் சைலன்சர் சூட்டிலிருந்து விலக்குங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் அதற்குத் தாங்காது. பம்ப் டயாஃப்ரம், டியூப், கார்புரேட்டர் கிட் எல்லாம் மாற்ற வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் டேங்கைப் பாதியிலேயே மாதக்கணக்கில் போட்டுவைக்கக் கூடாது. தினம் ஓடும் காருக்கு இந்தத் தொல்லை தானாகவே குறையும்.

டிரம் பிரேக்கைப் பற்றி யாரும் வாங்கும்போது நினைப்பதில்லை. நான்கு சக்கரத்திலும் டிரம். நகருக்குள் 40-இல் போகும்போது போதும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்னால் போகும் லாரி திடீரென்று நின்றால், இன்றைய டிஸ்க் பிரேக் கார் நிற்கும் தூரத்தில் இது நிற்காது. மழையில் ஒரு பக்கமாக இழுக்கவும் செய்யும். பழைய இக்னிஷன் பாயின்ட்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன், டைனமோ இருந்தால் எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர்: இந்த இரண்டும் செய்தால் காலையில் செல்ஃப் ஒரே தட்டில் எடுக்கும். ஸ்டியரிங்கில் இருக்கும் கியருக்குக் கை பழக வாரம் பத்து நாள் ஆகும். பத்மினியின் கடைசிக் கால எஸ்1 மாடலில் கியர் தரைக்கு வந்துவிட்டது. வீட்டில் வேறு யாரும் ஓட்டுவார்கள் என்றால் அதைத் தேடலாம். முன்பக்க முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவைத்தால் வரும் காற்றுக்கு ஈடு இல்லை என்று ஃபியட்காரர்கள் பாடுவார்கள். உண்மைதான், வண்டி ஓடும்வரை.

சீட்டுக்குத் தோல் போடலாமா? ஆம்பூரும் ராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்கும்போது வருகிற ஆசைதான் அது. கம்பெனியிலிருந்து வந்தபோது இவற்றில் இருந்தது ரெக்ஸின். செருப்புக்கு வரும் சின்ன ஆட்டுத்தோல் சீட்டுக்கு ஆகாது, மாட்டுத்தோல் முழு ஷீட்டாக வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் அதில் உட்காருவது என்ன அனுபவம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நான் என்றால் துணிதான் போடுவேன்.

118 என்இ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1985-இல் வந்தது. வெளியே ஐரோப்பாவில் 1967-இன் சிறந்த காராகத் தேர்வான ஃபியட் 124-இன் உடம்பு, உள்ளே நிசானின் 1171 சிசி எஞ்சின். எஞ்சின் சாதுவானது, உழைக்கும். பத்மினியைவிட வசதியான, இடமுள்ள கார். ஆனால் பத்மினி அளவுக்கு விற்காததால் கண்ணாடி, விளக்கு, பாடிப் பாகங்களுக்குக் காயலான் கடைதான் கதி. இத்தாலிக் கார் வேண்டும் என்று கேட்பவருக்கு ஜப்பான் எஞ்சினைக் கொடுப்பதும் எனக்கு ஒட்டவில்லை.

யூனோவை விட்டுவிடுங்கள். 1996-இல் புக்கிங் குவிந்த கார், தொழிற்சாலைத் தகராற்றில் கெட்டது. இன்று நல்ல நிலையில் ஒன்றைத் தேடுவதே தனி வேலை.

பாலியோதான் ஆசை காட்டுவது. 2001-இல் இங்கே வந்தது இத்தாலிய வடிவமைப்பாளர் ஜுஜாரோ திருத்திய முகம் கொண்ட மாடல். 1.6 ஜிடிஎக்ஸில் 100 குதிரைத்திறன்; பள்ளிகொண்டா தாண்டி மிதித்தால் இன்றைய சின்னக் கார்கள் பல பின்னால் நிற்கும். கனமான தகடு, முன்சக்கர டிஸ்க் பிரேக், ஏசி. பத்மினியில் இல்லாத எல்லாம் இதில் இருக்கிறது. ஆனால் இந்த 1596 சிசி எஞ்சின் இங்கே பாலியோ, சியெனா குடும்பத்தோடு முடிந்துபோனது. ஃபியட்டும் இந்தியாவில் தன் பெயரில் கார் விற்பதை நிறுத்திவிட்டது. சென்சார் ஒன்று போனால் மெக்கானிக்கின் காதும் கையும் உதவாது. அந்தச் சென்சாரேதான் வேண்டும். எஞ்சினை ஆளும் கணினிப் பெட்டியான ஈசியூவை லேத்தில் கடைய முடியாது. டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வு வளையும், ஹெட்டைப் பிரிக்க வேண்டும். வாங்கிய அன்றே, விற்றவர் என்ன சொன்னாலும், பெல்ட்டை மாற்றிவிடுங்கள். பாலியோதான் என்று மனம் பிடிவாதமாக இருந்தால் 1.2-ஐ எடுங்கள். அதன் ஃபயர் வகை எஞ்சின் பின்னால் வந்த புன்டோவிலும் இருந்தது, எனவே பாகம் தேடும் வழி இன்னும் முழுதாக அடைபடவில்லை. வேகத்தில் 1.6-க்குக் கிட்டே வராது என்பது வேறு.

ஆக, வாரம் ஒருமுறை சென்னையோ பெங்களூரோ போக வேண்டியவர், குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடுகிறவர் பாலியோ 1.2 எடுக்கலாம், வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால் மட்டும். ஊருக்குள்ளேயே ஓட்டம் என்றால் 90-களின் பத்மினி. வாங்கும் விலையைப் போல இன்னொரு பங்கைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். அதில் பாதி டிங்கருக்கே போகும். டிலைட்தான் வேண்டும், அதைத்தான் தினம் ஓட்டுவேன் என்பவருக்கும் வழி இருக்கிறது: எஞ்சின் ஜாமாகிக் கிடக்கும் டிலைட்டைக்கூடத் தைரியமாக வாங்கலாம், பத்மினி பாகங்களைக் கொண்டே அதை எழுப்பிவிடலாம். ஆனால் கிரில், பம்பர், விளக்கு வளையம் மூன்றும் காரிலேயே இருக்க வேண்டும். “வீட்ல பரண்மேல இருக்குது, அப்புறம் எடுத்துத் தர்றேன்” என்று சொன்னால், பரணிலிருந்து இறக்கிக் காட்டும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.