எகிப்து மன்னர் செட்: கோலும் சாட்டையும் அருமை, கிரீடம்தான் வயிற்றெரிச்சல்

வகுப்பறைக்கான எகிப்து மன்னர் செட்டின் விலையைக் குறைத்திருக்கிறார்கள், வாங்கலாமா என்று வேறொரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கும் தோழி கேட்டார். கோடு போட்ட நெமெஸ் தலைத்துணி, பொய்த்தாடி, வளைகோல், சாட்டை, இரட்டைக் கிரீடம் எல்லாம் உள்ள அதே பெட்டிதான். பண்டைய நாகரிகங்கள் பாடம் வரும்போதெல்லாம் அதை எடுத்து வருகிறேன்.

கோலையும் சாட்டையையும் எவ்வளவு பாராட்டினாலும் தகும். துட்டன்காமன் கல்லறையில் கிடைத்த அசலைப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள். நீலமும் பொன்னிறமும் மாறி மாறி வரும் அந்தப் பட்டைகள் இவ்வளவு நாள் கைபட்டும் மங்கவில்லை. இரண்டையும் மார்பின் குறுக்கே பிடிக்கச் சொன்னால், வாயே திறக்காத பிள்ளைகூட நிமிர்ந்து நிற்கிறாள். "ஆடு மேய்க்கிற கோல் ராஜா கையில எதுக்கு மிஸ்?" என்ற கேள்வி தானாக வந்துவிடுகிறது. சாட்டை கதிரடிக்கும் கருவியா, ஈ ஓட்டுவதா என்று ஆய்வாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை என்றேன். மணி அடித்த பிறகும் பிள்ளைகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். தாடியின் எலாஸ்டிக் தொய்ந்து மாற்ற வேண்டியிருந்தது, ஆனாலும் பெண்ணாக இருந்தும் மன்னராக ஆண்ட ஹட்ஷெப்சுட் பற்றிச் சொல்லும்போது ஒரு மாணவி அதைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பதற்கு ஈடில்லை.

கிரீடத்தை நினைத்தால்தான் கோபம் வருகிறது. வெள்ளைக் கிரீடம் மேல் எகிப்துக்கு, சிவப்பு கீழ் எகிப்துக்கு. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதால் மேல் எகிப்து வரைபடத்தில் கீழே இருக்கும், பிள்ளைகள் குழம்புவதே அங்கேதான். வெள்ளையோடு ஒருத்தி தெற்கே, சிவப்போடு ஒருவன் வடக்கே நின்று, பிறகு ஒன்றை ஒன்றுக்குள் பொருத்தினால் இரு நாடுகள் இணைந்தது கண்முன் நடந்துவிடும். சுமார் பொ.ஆ.மு. 3100-ஐச் சேர்ந்த நார்மர் பலகையிலும் (நார்மர் என்ற மன்னரின் உருவம் செதுக்கிய கல்) மன்னர் ஒரு பக்கம் வெள்ளையும் மறுபக்கம் சிவப்புமாகத் தனித்தனியாகத்தான் அணிந்திருக்கிறார். இவர்களோ இரண்டையும் ஒரே வார்ப்பில் ஊற்றிவிட்டார்கள். பிரிக்கவே முடியாது. பாடத்தின் உயிரே போய்விட்டது.

சிவப்புக் கிரீடத்தின் முன்னால் சுருண்டு நிற்கும் கம்பி வேரோடு முறிந்து, இந்த வாரம் மறுபடியும் பசை போட்டேன். கூடவரும் தாளில் 'அசல் கிரீடத்தின் துல்லியமான நகல்' என்று வேறு அச்சடித்திருக்கிறார்கள். வெள்ளையோ, சிவப்போ, இரட்டையோ, எந்த அகழாய்விலும் ஒன்றுகூடக் கிடைத்ததில்லை. சிற்பங்களையும் ஓவியங்களையும் வைத்துத்தான் வடிவமே தெரியும். எதனால் செய்தார்கள் என்பதும் ஊகம்தான். அதனால் இந்தக் கிரீடத்தை எதில் செய்திருக்கிறார்கள் என்பதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பள்ளிக்கு விற்கிற தாளில் இல்லாத அசலைச் சொல்வது தவறு.

இப்போது பிள்ளைகள் சார்ட் பேப்பரில் செய்த இரண்டு கிரீடங்களை வைத்துத்தான் அந்தப் பகுதியை நடத்துகிறேன். கோலையும் சாட்டையையும் தனியாக விற்றால் முழு விலை கொடுத்தே வாங்குவேன். செட்டாக என்றால் பாதி விலைக்கும் வேண்டாம் என்று தோழியிடம் சொல்லிவிட்டேன்.