கிணற்றடிக்குப் புதினாவா, கற்பூரவள்ளியா?

யாழ்ப்பாணத்து வளவுகளில் பச்சிலைக்கென்று ஒரு மூலை ஒதுக்கினால் அது அநேகமாகக் கிணற்றடிதான். பக்கத்தில் வாழை நிழல், எப்போதும் கொஞ்சம் ஈரம். அந்த இடத்தில் எதை வைப்பது என்று கேட்டால் இளையவர்கள் புதினா என்பார்கள், அம்மம்மாமார் கற்பூரவள்ளி என்பார்கள். இரண்டும் துளசியின் குடும்பம், இரண்டும் கசக்கினால் மணக்கும். ஆனால் வளர்ப்பிலும் பயனிலும் இரண்டுக்கும் வெகுதூரம்.

முதலில் தண்ணீர். புதினாவின் வேர் ஆழம் போகாது, மேல்மண்ணிலேயே படரும். ஆனி, ஆடியில் சோளகம் அடிக்கும்போது காலையில் ஊற்றியது பின்னேரத்துக்குள் காய்ந்து செடி தலை தொங்கிவிடும். காலை வெயில் மட்டும் படுகிற இடம் வேண்டும், அடியைச் சுற்றி நனைத்த தேங்காய்ப் பொச்சு பரப்ப வேண்டும், தினமும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கற்பூரவள்ளிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. தடித்த இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும். ஒரு கிழமை கொழும்புக்குப் போய் வந்தாலும் அப்படியே நிற்கும். அதற்கு ஆகாதது மாரி. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் தேங்கினால் தண்டு அழுகிவிடும், ஆகவே கொஞ்சம் மேடான இடம் பார்த்து வைக்க வேண்டும்.

அடுத்தது தண்ணீரின் தன்மை. எங்கள் கிணறுகளில் ஊறுவது சுண்ணாம்புக்கல்லைக் கடந்து வருகிற தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் புதினாவின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாத நிலை அது. மாட்டெருவும் உக்கிய இலைகுழையும் நிறையக் கலந்த மண்ணில் வைத்து, மழைத் தண்ணீர் கிடைக்கும்போது அதை ஊற்றினால் தெளியும். தீவுப்பகுதியிலும் கரையோரத்திலும் கிணறு உவர்ப்பாக இருப்பவர்கள் புதினாவுக்காக மினக்கெட வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

புதினாவை நேரே நிலத்தில் வைத்தால் ஓடும் தண்டுகள் கீரைப் பாத்திக்குள்ளும் புகுந்துவிடும். அடியில் ஓட்டை போட்ட பழைய பிளாஸ்டிக் பேசின் போதும். ஆழத்தைவிட அகலம்தான் முக்கியம். கன்று தேடியும் அலைய வேண்டாம். திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ வாங்கும் புதினாக் கட்டில் தடித்த தண்டாக நாலைந்தை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீரில் நிறுத்தினால் கணுக்களில் வேர் விடும். கற்பூரவள்ளியோ ஒரு கொப்பை முறித்து நட்டாலே போதும்.

தோட்டத்தில் கற்பூரவள்ளி வென்றது. குசினிக்குள் வந்தால் கதை மாறுகிறது. கற்பூரவள்ளி இலையைக் கடலை மாவில் தோய்த்துப் பொரிக்கலாம், இரசத்தில் இரண்டு போடலாம், அவ்வளவுதான். கொஞ்சம் கூடினாலும் கறி முழுக்க ஓம மணம்தான் நிற்கும். புதினா அப்படியில்லை. புரியாணிக்கும் தேசிக்காய்த் தண்ணீருக்கும் பிளேன்ரீக்கும் போகும். எல்லாவற்றுக்கும் மேலே சம்பல். அம்மியில் முதலில் பச்சை மிளகாய், உப்பு, சின்ன வெங்காயம், பிறகு தேங்காய்ப்பூ, கடைசியில்தான் ஒரு கைப்பிடி புதினா. இலையை நாலு இழுப்புக்கு மேல் அரைக்கக் கூடாது, கறுத்துக் கசக்கும். வழித்தெடுத்த பிறகு தேசிக்காய்ப் புளி விட்டால், அந்தப் பச்சை நிறத்தோடு இடியப்பத்துக்கு வேறு கறியே தேவையில்லை. இதற்கு இலை அப்போதுதான் பறித்ததாக இருக்க வேண்டும். சந்தைக் கட்டு இரண்டாம் நாளே கறுக்கத் தொடங்கிவிடும். வீட்டில் புதினா வளர்க்க இந்த ஒரு சம்பலே போதிய காரணம். பூ வருமுன் கணுவுக்கு மேலே நறுக்கி எடுங்கள், வெட்டிய இடத்தில் இரண்டு கொப்பு வரும்.

கைமருந்தில்தான் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். தடிமனுக்கு ஆவி பிடிக்கப் புதினாவைக் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. மூக்கு திறந்தாற்போல் குளிர்ச்சி தருவது மென்தோல் என்ற எண்ணெய். ஓர் இலையை மென்று மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள்: நாக்கு குளிராவிட்டால் உங்கள் புதினாவில் அது அனேகமாக இல்லை, கார்வோன் என்ற வேறொரு எண்ணெய்தான் அந்த மணத்தைத் தருகிறது. மென்தோல் இருந்தாலும் அது அடைப்பைக் கரைப்பதில்லை, திறந்த உணர்வை மட்டும் தரும். புதினாவை வயிற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பொருமலாக இருந்தால் ஏழெட்டு இலையைச் சுடுதண்ணீரில் போட்டு மூடி வைத்துக் குடிக்கலாம். மூடாவிட்டால் மணமெல்லாம் ஆவியோடு போய்விடும். நெஞ்செரிவு உள்ளவர்களுக்கு மட்டும் இது சரிவராது. இரைப்பையின் மேல்வாயைத் தளர்த்தி எரிவைக் கூட்டக்கூடும்.

தொண்டைக் கரகரப்புக்கும் இருமலுக்கும் நான் எடுப்பது கற்பூரவள்ளியைத்தான். அதில் கார்வக்ரோல் என்ற எண்ணெயும், ஓமத்துக்கு மணம் தருகிற தைமோலும் இருக்கின்றன. இலையைத் தணலில் வாட்டினால் துவண்டு சாறு இலகுவாக இறங்கும். பிழிந்து தேன் சேர்த்து ஒரு கரண்டி குடித்தால் தொண்டைக்கு இதமாக இருக்கும். காய்ச்சலோடு இழுபடும் இருமலுக்கு இது போதாது, டொக்டரிடம் காட்ட வேண்டும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. கைக்குழந்தையின் மூக்கருகே மென்தோல் தைலமும் பூச வேண்டாம், மூச்சுத் திணறிவிடும்.