போட்மாஸா, கேரட் பில்லா?

கூட்டல், பெருக்கல் எல்லாம் கலந்து வரும் கணக்கில் எதை முதலில் செய்வது என்பதை எப்படிச் சொல்லித்தருவது? 'போட்மாஸ்' (BODMAS, அடைப்புக்குறி முதல் கழித்தல் வரையான வரிசையின் ஆங்கில முதலெழுத்துகள்) மந்திரத்தைப் பிள்ளைகள் ஒரே நாளில் ஒப்பித்துவிடுவார்கள். பரீட்சைக்குக் கைகொடுக்கும். வில்லங்கம் 10 − 4 + 3-இல் வரும். கூட்டலின் A, கழித்தலின் S-க்கு முன்னால் நிற்கிறதே என்று 4-ஐயும் 3-ஐயும் முதலில் கூட்டி, விடை 3 என்பார்கள். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் சம அந்தஸ்து. இடமிருந்து வலமாகப் போனால் 9.

கோத்தகிரிப் பிள்ளைகளிடம் சந்தைக் கணக்கு சொல்லிப் பாருங்கள். பஸ்ஸுக்கு 20 ரூபாய், கிலோ 40 ரூபாய் வீதம் 3 கிலோ கேரட்: 20 + 3 × 40. முதலில் கூட்டினால் 920. "மூணு கிலோ கேரட்டுக்கா டீச்சர்?" என்று அவர்களே சிரித்துவிட்டு 140-க்கு வருவார்கள். மூன்று பேர், ஆளுக்கு பஸ் 20, டீ 15 என்றால் (20 + 15) × 3, அடைப்புக்குறியும் விளங்கிவிடும்.

நீளமான கணக்குக்குக் கதை கட்ட முடியாதுதான். அதற்கு போட்மாஸ் வேண்டும், ஆனால் சந்தைக்குப் பிறகு.