பேயாகப் பறந்த சதுரப் பெட்டி: டாட்ஜ் ஆம்னி ஜிஎல்எச்

ஆம்னி என்றதும் நம் ஊர்க்காரர்களுக்கு மாருதி வேன்தான் ஞாபகத்துக்கு வரும். நான் சொல்வது வேறு. அமெரிக்காவில் கிரைஸ்லர் கம்பெனி 1978 மாடலாக டாட்ஜ் பெயரில் இறக்கிய ஐந்து கதவு ஹேட்ச்பேக். எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம்தான். காய்கறி வாங்கப் போகிற வண்டி மாதிரி இருக்கும் இதிலிருந்து வந்த வேக மாடல்களான ஜிஎல்எச்சையும் ஜிஎல்எச்எஸ்ஸையும் போல அந்தக் காலத்து அமெரிக்க வண்டி வேறெதுவும் என்னை இழுத்ததில்லை.

ஆரம்பத்தில் கிரைஸ்லரிடம் இந்த அளவுக்குச் சின்ன எஞ்சினே கிடையாது, ஃபோக்ஸ்வேகனிடம் 1.7 லிட்டர் எஞ்சின் பிளாக்கை வாங்கிப் போட்டார்கள். மோட்டார் ட்ரெண்ட் பத்திரிகை 1978இன் சிறந்த கார் என்று விருது கொடுத்தது. அதே வருடம், பொருட்களைச் சோதித்துப் பார்த்து எழுதும் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை, வேகமாகப் போகும்போது ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிக் கையை விட்டால் வண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைபாய்கிறது, ஏற்க முடியாது என்று எழுதியது. ஆறே வருடத்தில் அதே உடம்பை வளைவுகளில் விரட்டி ஓட்டுகிற வண்டியாக மாற்றிக் காட்டினார்கள் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம்.

மாற்றியவர் கேரல் ஷெல்பி. 1959இல் பிரான்சின் லு மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தை ஜெயித்தவர், கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரைக் கொடுத்தவர். ஃபோர்டில் பழகிய லீ அயக்கோக்கா கிரைஸ்லருக்குத் தலைவரானதும் இவரையும் கூப்பிட்டுக்கொண்டார். கம்பெனி திவாலாகும் நிலைக்குப் போய், அரசாங்கம் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்துக் காப்பாற்றிய சமயம் அது. புதிதாக ஸ்போர்ட்ஸ் கார் செய்யக் காசு ஏது? கையில் இருந்த மலிவான பெட்டியையே எடுத்து, 2.2 லிட்டர் எஞ்சினை முடுக்கி, சஸ்பென்ஷனை இறுக்கி, 1984இல் 110 குதிரைசக்தியோடு விட்டார்கள். அப்போது அமெரிக்காவில் விற்ற ஃபோக்ஸ்வேகன் ராபிட் ஜிடிஐக்கு 90தான். ஜிஎல்எச் என்றால் 'கோஸ் லைக் ஹெல்', நம் பாஷையில் பேயாகப் பறக்கும். அடுத்த வருடம், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ வந்தது, 146 குதிரைசக்தி. வண்டியின் எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான், யோசித்துப் பாருங்கள்.

அப்புறம் 1986இல் ஜிஎல்எச்எஸ். கடைசி எழுத்து எஸ்ஸுக்கு 'ஸ்மோர்', அதாவது 'இன்னும் கொஞ்சம்' என்று அர்த்தம். இல்லினாய் மாநிலம் பெல்விடியர் ஃபேக்டரியிலிருந்து வந்த வண்டிகளை கலிஃபோர்னியாவின் விட்டியரில் இருந்த ஷெல்பியின் பட்டறையில் பிரித்து வேலை பார்த்தார்கள். மொத்தமே 500. டர்போ காற்றை அழுத்தும்போது காற்று சூடாகும், சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு. அதனால் நடுவில் ஒரு இன்டர்கூலரை வைத்துக் குளிரவைத்தார்கள், கோனி ஷாக் அப்சார்பரும் போட்டார்கள். சக்தி 175க்கு ஏறியது.

ஸ்பீடோமீட்டரைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். அரசாங்க விதி ஒன்றால் அந்தக் காலத்து மீட்டர்கள் மணிக்கு 85 மைலோடு நின்றுவிடும், சாதா ஆம்னியிலும் அப்படித்தான். இந்த வண்டியோ அதைத் தாண்டி வெகுதூரம் போகும். புது மீட்டருக்குச் செலவு செய்யாமல், 85க்கு அப்புறம் 135 வரை கோடுகள் போட்ட ஒரு ஸ்டிக்கரைக் கீழே ஒட்டிவிட்டார்கள். இதைவிட நேர்மையான ஸ்பீடோமீட்டரை நான் பார்த்ததில்லை.

குறைகள் உண்டு, மறைக்க மாட்டேன். டர்போ விழித்துக்கொள்ளக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், விழித்ததும் ஸ்டியரிங் கையைப் பிடித்து இழுக்கும், இரண்டு கையாலும் பிடித்தால்தான் சரி. உள்ளே பிளாஸ்டிக் எல்லாம் மலிவு. சொகுசு எதிர்பார்க்கிறவர்கள் வேறு வண்டி பார்க்கலாம்.

வாங்குவதென்றால் முதலில் துரு பாருங்கள், கதவுக்குக் கீழே, பின் சக்கர வளைவில். 2.2 எஞ்சின் கிரைஸ்லரின் எத்தனையோ வண்டிகளில் ஓடியது, அதனால் எஞ்சின் சாமான் தேடுவது பெரிய கஷ்டம் இல்லை. ஜிஎல்எச்எஸ் என்று சொல்லி விற்றால் டாஷ்போர்டில் வரிசை எண் போட்ட தகடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள். அந்த மீட்டர் ஸ்டிக்கர் மங்கிப்போயிருந்தாலும் தயவுசெய்து உரித்துவிடாதீர்கள்.