பாமினிக்கு விண்டோஸ், மற்றதற்கெல்லாம் மின்ட்: இரண்டரை வருட அனுபவம்

என் பழைய லெப்டொப் 2023 ஜூலையில் ஒரு மழைப் பின்னேரத்தில் நின்றுபோனது. அது அம்மாவின் காசு. கொழுந்து பறித்து ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த ஈ.பி.எஃப். பணத்தில் ஒரு பங்கை எடுத்து, "படிப்பிச்சுக் குடுக்கப் போற பிள்ளைக்கு இது வேணும்" என்று 2013இல் வாங்கித் தந்தார். மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 சில்லு, 4 ஜி.பி. ரேம், சுழலும் ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 8இல் தொடங்கி 10 வரை இழுத்துக்கொண்டு வந்தேன். கடைசிக் காலத்தில் பட்டனை அமுக்கிவிட்டு அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்து, ஊற்றி, குடித்து முடிக்கும்போதுதான் திரை முழுதாக வரும்.

நான் இருப்பது இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம். தரம் 9 முதல் 11 வரை கணிதம் படிப்பிக்கிறேன். எனக்குக் கணினி வேண்டியது வினாத்தாள் தயாரிக்க, புள்ளிப் பட்டியல் போட, சனி ஞாயிறு பின்னேரங்களில் சூம் வகுப்பு எடுக்க. இவ்வளவுதான். வீடியோ வெட்டுவது, கேம் விளையாடுவது பற்றி இங்கே ஒன்றும் இருக்காது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் வரும் கோப்புகளுக்கு விண்டோஸ், மற்ற வேலைக்கெல்லாம் லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டம் என்று நான் எப்படி வந்து சேர்ந்தேன் என்பதுதான் கதை.

புதிதாக வாங்கலாம் என்றால் விலை அடிவயிற்றைக் கலக்கியது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்க விட்ட பிறகு, 200 ரூபா அளவில் இருந்த டொலர் இரண்டு மாதத்தில் 360 வரை போனது. 2023இல் கொஞ்சம் இறங்கியும் கடைக்காரர்களின் விலைச்சீட்டு இறங்கவில்லை. ஹட்டனில் விசாரித்தபோது விண்டோஸ் 11 போட்ட புது ஐ3 மெஷின் ஒன்றுக்கு இரண்டு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகச் சொன்னார்கள். என் சம்பளத்தில் அது எத்தனை மாதம் என்று கணக்குப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன்.

கொழும்பில் மென்பொருள் வேலை செய்யும் தம்பி வேறு பாட்டுப் பாடினான். "அக்கா, கண்ண மூடிக்கிட்டு எம்1 மெக்புக் எயார் ஒண்ணு எடுங்க. பத்து வருசத்துக்கு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்க வேணாம்." விடுமுறைக்கு வந்தவன் தன்னுடையதை இரண்டு கிழமை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். உண்மையைச் சொல்ல வேண்டும், கை வைத்தால் விட மனமில்லை. விசிறியே இல்லாத மெஷின், சத்தமே கிடையாது. காலையில் சார்ஜ் போட்டால் இரவு வரை தாங்கியது. தமிழுக்கும் குறை இல்லை. அஞ்சல், தமிழ் 99 இரண்டு விசைப்பலகையும் கூடவே வருகின்றன. மலேசியாவின் முத்து நெடுமாறன் வடிவமைத்த இணைமதி எழுத்துருவும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் ரேமும் சேமிப்பகமும் பலகையோடு ஒட்டியவை. வாங்கும் நாளில் 8 ஜி.பி. என்றால் சாகும்வரை 8 ஜி.பி.தான். எங்கள் ஊரில் அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஆள் கிடையாது. அந்த இரண்டு கிழமையும் நான் அதன் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பை கொண்டுபோகவே பயந்தேன். பயந்து பயந்து பாவிக்கிற சாமான் எனக்குச் சரிவராது. தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மிச்சம் இருந்தது பழைய மெஷின் சந்தை. ஒரு சனிக்கிழமை தம்பியோடு பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்குப் போனேன். வெளிநாட்டுக் கம்பனிகளில் சில வருடம் ஓடி ஒதுக்கிய பிஸ்னஸ் ரக லெப்டொப்கள் அங்கே அடுக்கி வைத்திருப்பார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் மைக்ரோசொஃப்ட்டின் விண்டோஸ் 11 பட்டியலில் உண்டு, டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும் வேண்டும். ஆறாம், ஏழாம் தலைமுறை மெஷின்கள் மலிந்து கிடந்ததற்கு அது ஒரு காரணம். ஒரு கடையில் ஏழாம் தலைமுறை மெஷினில் விண்டோஸ் 11 ஓட விட்டு, "எல்லாம் ஓகே மிஸ்" என்றார்கள். விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டிப் போட்டது அது. ஓடும், ஆனால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஐ5க்குப் பக்கத்தில் வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கத்தைப் பாருங்கள். 7 என்றால் ஏழாவது, 8 என்றால் எட்டாவது. தம்பி அன்று எனக்குச் செய்த பெரிய உதவி இதைச் சொல்லித் தந்ததுதான்.

2018இல் வந்த 14 அங்குல எட்டாம் தலைமுறை ஐ5 ஒன்றை 118,000 ரூபாவுக்கு எடுத்தேன். கம்பனிப் பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலாத, வேகமான டிஸ்க்), 8 ஜி.பி. ரேம். பிறகு இன்னொரு 8 ஜி.பி. செருகிக்கொண்டேன், அடிப்பலகையைக் கழற்றி நானே. முக்கியமாக, உள்ளே ஒன்றும் வெளியே கழற்றக்கூடியது ஒன்றுமாக இரண்டு பெட்டரி. விண்டோஸ் 11 ஏற்கெனவே இருந்தது. அதற்குப் பக்கத்தில் லினக்ஸ் மின்ட் 21.2ஐத் தம்பி போட்டுத் தந்தான். "ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க, பிடிக்கலன்னா அழிச்சிடலாம்." அழிக்கவில்லை.

முதல் மாதம் விண்டோஸ் பக்கம்தான் இருந்தேன். மின்டுக்கு மாறியதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை, டேட்டா தீர்ந்ததுதான். அப்டேட்டுகள் இறங்கி வீட்டு ரவுட்டரின் மாதப் பங்கு இருபதாம் திகதியோடு முடிந்துவிட்டது. அளவோடு இறக்கு என்று விண்டோஸிலேயே சொல்லி வைக்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. மின்டில் நான் சொன்னால்தான் அப்டேட் இறங்கும். நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் நைட் டேட்டாவில் அதைச் செய்துகொள்கிறேன். 2024இல் மின்ட் 22 வந்தபோதும் இரண்டு இரவு விழித்துத்தான் மாற்றினேன். 2029 வரை அதற்கு ஆதரவு உண்டு என்பதால் அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

இனி பாமினி. எந்தச் சிஸ்டம் உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்கள் யாரும் பாமினியைப் பற்றிப் பேசக் காணோம். இலங்கையில் தமிழில் தட்டச்சு செய்து பிழைக்கிற நமக்கோ பாதித் தலைவலி அதுதான். பாமினி, எல்லா மெஷினிலும் தமிழ் எழுத்தாகவே சேமிக்கப்படுகிற யுனிகோட் அல்ல. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. பாமினியில் நீங்கள் 'அம்மா' என்று அடித்தால் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஒரு எம், ஒரு கே, ஒரு அரைப்புள்ளி, இன்னொரு கே, ஒரு எச். எழுத்துரு இருக்கிற மெஷினில் அது அம்மா, இல்லாத மெஷினில் வெறும் உமி. வசனத்தின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிதாக்கும் வசதியை நிறுத்த மறந்தால் சின்ன எம் பெரிய எம் ஆகி, அம்மா 'ஆம்மா' ஆகிவிடுவார். பழைய ஆசிரியர்கள் எல்லோருக்கும் இந்த ஆம்மாவைத் தெரியும்.

எழுத்துருக் கோப்பைக் கொண்டுபோய்ப் போட்டால் பாமினி மின்டிலும் வேலை செய்கிறது. வேர்டுக்குப் பதிலாக மின்டில் இருக்கும் லிப்ரே ஆபிஸில் எழுத்து எல்லாம் சரியாக வரும். சிக்கல் படத்தில். 2024 முதலாம் தவணைக்கு, வேறு பாடசாலை ஆசிரியர் ஒருவர் வேர்டில் செய்த தரம் 10 வினாத்தாளைத் தந்தார். கேத்திரகணிதப் பகுதியில் முக்கோணங்களை வேர்டின் கோடுகளால் வரைந்து, கோணப் பெயர்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்திருந்தார். நான் அதை மின்டில் திறந்து இரண்டு எழுத்துப் பிழை திருத்தி, பென் ட்ரைவில் போட்டு, டவுனில் கம்யூனிகேஷன் கடையில் 140 பிரதி எடுத்தேன். பரீட்சை தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளை கை தூக்கினாள். "டீச்சர், இந்த நாப்பது பாகை எந்த முக்கோணத்துக்கு?" பார்த்தால் பெட்டிகள் இறங்கி, 40 பாகை கீழே இருந்த வட்டத்துக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தைப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்தது என் தவறு. கரும்பலகையில் முக்கோணத்தைத் திரும்ப வரைந்து கொடுத்து அன்றைக்குத் தப்பினேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். மற்றவர்கள் தரும் பாமினி வேர்ட் கோப்பை விண்டோஸ் பக்கத்தில் மட்டுமே திறப்பேன். என் சொந்த வினாத்தாளை மின்டில், யுனிகோடில் செய்து, பி.டி.எஃப். ஆக்கித்தான் கடைக்குக் கொண்டுபோவேன்.

மின்டில் தமிழ் 99 வேண்டுபவர்களுக்கு ஒரு விஷயம். விசைப்பலகைப் பட்டியலில் இலங்கை என்று தேடினால் சிங்களத்தோடு தமிழ்ப் பலகையும் கிடைக்கும். அதைச் சேர்த்தேன், ஆனால் புள்ளி தானாக விழவில்லை. தமிழ் 99இன் சுகமே ககரத்தை இரண்டு முறை தட்டினால் 'க்க' வருவதும், நகரத்துக்குப் பின் தகரம் தட்டினால் 'ந்த' வருவதும்தானே. ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையைப் போட்டு அதன் வழியாகத் தமிழ் 99ஐச் சேர்த்தால்தான் அது நடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. விண்டோஸ் 11இல் தமிழ் 99 அமைப்பிலேயே இருக்கிறது, இந்த அலைச்சல் இல்லை. இந்த இடத்தில் விண்டோஸுக்கும் மெக்குக்கும்தான் என் ஓட்டு.

இரண்டு சிஸ்டத்தை ஒரே மெஷினில் வைத்திருப்பதில் வேடிக்கையான தொல்லை ஒன்றும் உண்டு, கடிகாரம். லினக்ஸ் மெஷினின் உள் கடிகாரத்தில் சர்வதேச நேரத்தை வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நம்பும். நமக்கு வித்தியாசம் ஐந்தரை மணித்தியாலம். இணையம் இருந்தால் விண்டோஸ் தானாகத் திருத்திக்கொள்ளும். கரண்ட் போய் ரவுட்டர் செத்த ஒரு நாள், இரவு ஏழரைக்குத் திறந்த விண்டோஸ் பின்னேரம் இரண்டு மணி என்றது. ஏழு மணிக்கு இருந்த வகுப்பை நான் ஏற்கெனவே கோட்டைவிட்டிருந்தேன் என்பது வேறு கதை. உள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே வை என்று லினக்ஸுக்கு ஒரு வரிக் கட்டளை கொடுத்ததும் தீர்ந்தது.

பெட்டரி விஷயத்தில் மலைநாட்டுக்காரர்கள் கொஞ்சம் அதிகம் யோசிக்க வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டுப் போன காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அது போய்விட்டாலும் சித்திரை, ஐப்பசிப் பின்னேரங்களில் இடி இறங்கத் தொடங்கினால் நானே பிளக்கைக் கழற்றிவிடுவேன். முன்பு ஒரு மின்னலில் பக்கத்து லயனில் டி.வி.யும் ரவுட்டரும் ஒன்றாகப் போயின. இரண்டு பெட்டரியும் புதிதாக இருந்தபோது மின்டில் ஏழு மணித்தியாலம் போல் வேலை செய்தேன், விண்டோஸில் ஆறு. வெளிப் பெட்டரி தேய்ந்ததும் 2024 கடைசியில் மலிவாக ஒன்று வாங்கி மாட்டினேன். நான்கே மாதத்தில் வயிறு உப்பிவிட்டது. விலை கூடினாலும் நல்லது எடுங்கள், உப்பியதை ஒரு நாளும் மாட்டி வைக்காதீர்கள்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டபோது எங்கள் பக்கம் நாட்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த நாட்களில் லெப்டொப்பில் ஒரு வரிகூட அடிக்கவில்லை. அணைத்து வைத்திருந்தாலும் போனுக்குச் சார்ஜ் தரும் யு.எஸ்.பி. துளை ஒன்று அதில் இருக்கிறது. பதுளைப் பக்கம் சொந்தக்காரர் உள்ள நான்கு வீட்டுப் போன்கள் அதில் முறை வைத்து உயிர் பிழைத்தன. வாங்கும்போது அந்தத் துளையை நான் கவனிக்கவே இல்லை.

ஈரப்பதன் பற்றியும் ஒரு வார்த்தை. ஆனி ஆடி மூடுபனியில் எங்கள் வீட்டில் செருப்பே பூஞ்சணம் பிடிக்கும். லெப்டொப்பைப் பையில் மூடி வைக்காமல், சமையலறைச் சுவரின் மறுபக்கத்து மேசையில், அடுப்புச் சூடு லேசாகப் படுகிற இடத்தில் வைக்கிறேன். பழையது பையிலேயே கிடந்து செத்ததாக என் சந்தேகம்.

பழுது பார்க்கும் இடத்தில் லினக்ஸ் தனிமைதான். விசிறி சத்தம் போட்டது என்று டவுனில் கொடுத்தபோது, கடைத் தம்பி மின்டின் முகப்பைப் பார்த்துவிட்டு, "டீச்சர், போர்மட் பண்ணி நல்ல விண்டோஸ் ஒண்ணு அடிச்சித் தரவா?" என்றார். பாவம், அன்பாகத்தான் கேட்டார். விசிறியைத் துடைத்துத் தந்தால் போதும் என்றேன். பிரிண்டருக்கும் இதே கதி. வீட்டிலிருக்கும் பழைய லேசர் பிரிண்டருக்கு மின்டில் டிரைவர் கிடைக்காமல் கைவிட்டேன். புதிதாக வாங்குபவர்கள் லினக்ஸில் ஓடுமா என்று முதலே பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 ஒக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10இன் ஆதரவு முடிந்ததிலிருந்து ஸ்டாஃப் ரூமில் என்னிடம் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்களுக்கு வருகிற கோப்புகளை யார், எதில் செய்து தருகிறார்கள்? தமிழ் பாட ஆசிரியை ஒருவருக்கு வருவது முழுக்கப் பாமினி வேர்ட். அவரை எட்டாம் தலைமுறை மெஷினில் விண்டோஸ் 11ஓடு நிறுத்திவிட்டேன், லினக்ஸ் பக்கம் திருப்பவில்லை. விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் யூடியூப்பும் பி.டி.எஃப்.பும் மட்டுமே பார்ப்பவர். அவருடைய ஆறாம் தலைமுறை மெஷினில் மின்ட் போட்டுக் கொடுத்தேன், மூன்று மாதமாகச் சத்தமில்லை. சத்தமில்லாதது நல்லதுக்கா, அதை அவர் திறக்கவே இல்லையா என்று இன்னும் கேட்கவில்லை.

என்னுடையதில் இப்போது உள் பெட்டரியின் கொள்ளளவு தேய்ந்து 71 சதவீதத்தில் நிற்கிறது. அடுத்த முறை கொழும்புக்குப் போகும்போது மாற்ற வேண்டும். நேற்று வந்த தரம் 11 மாதிரி வினாத்தாளும் பாமினிதான். முதல் வரியே 'ஆனைத்து வினாக்களுக்கும் விடை எழுதுக'.