எம்.எல்.ஏ. ஆபீஸ் கையெழுத்தும் போட்டோ மேல் விழாத சீலும்

"சார், லெட்டர்பேடுல குடுத்தா சிஸ்டம் எடுக்காது. ஃபார்மட்ல வாங்கிட்டு வாங்க."

ஆதார் மையத்து கவுண்டரில் இருந்த பையன் கடிதத்தை முழுதாகப் படிக்கவும் இல்லை. சட்டமன்ற உறுப்பினரின் லெட்டர்பேட், "இவர் எனது தொகுதியில் வசிப்பவர், எனக்கு நன்கு தெரிந்தவர்" என்ற அதே பழைய வாசகம், கீழே கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். ஒரு காலத்தில் ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, ஹாஸ்டல் இடம், ஜி.ஹெச். படுக்கை என்று எதற்கும் இந்த ஒரு தாள் போதும். இன்று வயதான அம்மாவின் ஆதாரில் முகவரி மாற்றக்கூட அது செல்லவில்லை. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் பலருக்கும் இந்தத் தலைவலி வரும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், அந்தக் கையெழுத்து எதற்கு என்பது. ஆதாரில் முகவரி மாற்ற, புது முகவரியோடு அவரவர் பெயரில் ஒரு ஆவணம் வேண்டும். கரண்ட் பில், வீட்டு வரி ரசீது, கேஸ் ரசீது, வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, போட்டோ ஒட்டி வங்கி முத்திரையிட்ட பாஸ்புக் என்று பட்டியல் நீளமானதுதான். நம் வீட்டு அம்மாக்கள் பெயரில் இதில் எது இருக்கிறது? கரண்ட் இணைப்பு இறந்துபோன அப்பா பெயரில். வரி ரசீதும் அப்படியே. அம்மா சொந்த வீட்டை விட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கமாக வாடகைக்கு வந்திருந்தால் ஒப்பந்தம் மகன் பெயரில். பாஸ்புக்கில் முகவரி மாற்றப் போனால் வங்கி புது முகவரி போட்ட ஆதாரைக் கேட்கிறது. ஆதார் மையமோ புது முகவரி போட்ட பாஸ்புக்கைக் கேட்கிறது. நாற்பது வருஷம் ஒரு குடும்பத்தையே நடத்திய பெண்ணுக்குத் தன் முகவரியை நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம்.

இன்னொரு வழியும் உண்டு. குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்து மாற்றுவது. ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். பிள்ளையோ கணவரோ பெற்றோரோ தலைவராக இருக்கலாம், அவருக்கு வரும் கோரிக்கையை 30 நாளுக்குள் ஒப்புக்கொண்டால் போதும். ஆனால் அந்தத் தலைவரின் ஆதாரில் இருக்கும் முகவரிதான் அம்மாவுக்கும் வரும். அமெரிக்காவில், நியூ ஜெர்சி மாநிலத்து எடிசனில் இருக்கும் மகனின் ஆதாரில் பழைய வீட்டு முகவரிதானே இருக்கும்? உள்ளூரில் மகளோ மகனோ அதே வீட்டில் இருந்தால் இதுதான் மிக எளிய வழி, எம்.எல்.ஏ. ஆபீஸ் பக்கமே போக வேண்டாம். அப்படி யாரும் இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது சான்றிதழ் படிவம்.

அந்தப் படிவத்தை ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலிருந்து இறக்கி, ஏ4 வெள்ளைத்தாளில் அச்செடுக்க வேண்டும். லெட்டர்பேட் தேவையில்லை என்று படிவத்தின் தலையிலேயே எழுதியிருக்கிறது. எம்.பி., எம்.எல்.ஏ., நகராட்சி உறுப்பினர், குரூப் ஏ அரசிதழ் பதிவு அதிகாரி, தாசில்தார், கிராமப் பஞ்சாயத்துத் தலைவர் ஆகியோர் கையெழுத்திடலாம். ஆகவே எம்.எல்.ஏ.தான் வேண்டும் என்றில்லை. பக்கத்துத் தெரு கவுன்சிலரோ பச்சை மையில் கையெழுத்திடும் தெரிந்த அதிகாரியோ இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். கையெழுத்தான தேதியிலிருந்து 3 மாதம் செல்லும். விமானம் ஏறுமுன்னே முன்கூட்டி வாங்கி வைக்கச் சொல்பவர்கள் இந்த 3 மாதத்தைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரப்பும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தில், கட்டத்துக்கு ஒரு எழுத்து. அடித்தல் திருத்தல் கூடாது. ஒயிட்னர் வைத்தால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் எடுப்பது நல்லது. தேதிக் கட்டம், ஆதார் எண், பின்கோடு மூன்றும் பலர் மறந்துபோய்க் காலியாக விட்டுவிடும் இடங்கள், இருமுறை பாருங்கள். சான்றளிப்பவரின் பெயர், பதவி, அலுவலக முகவரி, தொடர்பு எண் எல்லாம் நிரம்பியிருக்க வேண்டும். உதவியாளர்கள் கைபேசி எண்ணை எழுதத் தயங்குவார்கள். அலுவலகத் தொலைபேசி எண்ணை எழுதச் சொன்னால் சிக்கல் இல்லை.

இரண்டாவது தடவை எல்லாம் சரியாக இருந்தும் தாள் திரும்பி வந்ததற்குக் காரணம் போட்டோ. படிவத்தில் ஒட்டிய பாஸ்போர்ட் அளவுப் படத்தின் மேல் சான்றளிப்பவரின் கையெழுத்தும் சீலும் குறுக்கே விழ வேண்டும், பாதி படத்தின் மேல், பாதி தாளின் மேல். ஆபீஸில் உதவியாளர் பழைய பழக்கத்தில் தாளின் கீழே மட்டும் ஒரு சீல் குத்திவிட்டு, "போயிட்டு வாங்கம்மா" என்று கொடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, காசும் கேட்கவில்லை, உட்கார நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். கட்சிக்காரர் யாரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கவில்லை. அந்த மரியாதையில் குறையே இல்லை. ஆனால் ஒரு சீல் இரண்டு அங்குலம் மேலே விழாததால் முட்டிவலிக்காரி மறுபடி ஆட்டோ ஏற வேண்டும். இதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

சீல் விழுந்தாலும் இன்னொரு ஆபத்து. ஸ்டுடியோக்காரர் தரும் பளபளப்புப் படத்தில் ஸ்டாம்ப் பேட் மை ஊறாது. குத்தியவுடனே மடித்துப் பையில் வைத்தால் எழுத்தெல்லாம் தீற்றிக்கொண்டு, ஸ்கேன் செய்யும்போது நீலத் திட்டாகத் தெரியும். ஸ்டுடியோவில் மேட் தாளில் கேளுங்கள். சீல் குத்தியபின் கொஞ்ச நேரம் காய விடுங்கள். படத்தின் மேல் கையெழுத்துக்கு ஜெல் பேனா வழுக்கும், பால் பாயின்ட் கொடுங்கள். சீலில் பெயர், பதவி, தொகுதி மூன்றும் வாசிக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

கவுண்டரில் ஒன்றே ஒன்று கவனியுங்கள். முகவரியை ஆங்கிலத்தில் அடித்தவுடன் கணினி தானாகத் தமிழில் மாற்றிக் காட்டும். மேலத் தெரு "மெலா தெரு" ஆவதும், பெருமாள் கோயில் சந்து வேறெதுவோ ஆவதும் இங்கேதான். ஒப்புதல் கொடுக்குமுன் திரையைத் திருப்பச் சொல்லி தமிழ் வரியை எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து 75 ரூபாய், கைரேகை, கருவிழியும் புதுப்பித்தால் 125. ஒப்புகைச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அதில் உள்ள பதிவு எண்தான் வேண்டும்.

இனி நியூ ஜெர்சியோடு ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. அங்கே 40 மாநிலத் தொகுதிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டர், இரண்டு சட்டமன்ற உறுப்பினர்கள். அவர்கள் அலுவலகத்திலிருந்து மின்னஞ்சலில் செய்திமடல் வரும். அதில் படமும் வாழ்த்தும் உண்டுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நடுவில் பயனுள்ள விஷயம் இருக்கும். 65 வயது நிறைந்தவர்கள் ஆங்கர், சீனியர் ஃப்ரீஸ், ஸ்டே என்ஜே மூன்று சொத்து வரிச் சலுகைக்கும் பிஏஎஸ்-1 என்ற ஒரே படிவத்தில் விண்ணப்பிக்கலாம், கடைசித் தேதி இது, எந்த நூலகத்தில் எந்த நாள் படிவம் நிரப்ப ஆள் உட்கார்வார்கள், என்னென்ன கையில் கொண்டு வர வேண்டும் என்று வரிசையாக இருக்கும். வேலையின்மைத் தொகை நின்றுபோனாலோ ஓட்டுநர் உரிமத்தில் சிக்கல் வந்தாலோ அந்த அலுவலகத்தில் ஒருவர் உங்கள் பெயரில் ஒரு கோப்பு திறப்பார். துறையிடம் உங்கள் விவரத்தைக் கேட்க எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டுதான் பேசுவார். அங்கே யாரும் தண்ணீர் கொடுப்பதில்லை, நாற்காலி நீட்டுவதும் இல்லை. ஆனால் என்ன கொண்டு வர வேண்டும் என்பது வீட்டை விட்டுக் கிளம்புமுன்னே தெரிந்துவிடும்.

நம் ஊரில் தகவல் வாட்ஸ்அப் குழுவில் வருகிறது. எம்.எல்.ஏ. திறந்துவைத்த ரேஷன் கடைக் கட்டடம், உயர்கோபுர மின்விளக்கு, பள்ளி வகுப்பறை. ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதியில் நடக்கிற வேலைகள், நல்லவைதான். அதே குழுவில், அதே கைபேசியில், "ஆதார் சான்றுக்கு வருவோர் இந்தப் படிவத்தை அச்செடுத்து, படம் ஒட்டி, நிரப்பி வரவும், உறுப்பினர் ஊரில் இருக்கும் நாட்கள் இவை" என்று ஒரு செய்தி போட எவ்வளவு நேரமாகும்? 2022-ல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்தில் 234 தொகுதி உறுப்பினர்களிடமும் நெடுநாள் கோரிக்கைகள் பத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். எங்கள் தொகுதியின் பத்தில் எது முடிந்தது, எது எந்த மேசையில் நிற்கிறது என்று அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் எத்தனை பேர் நின்று படிப்பார்கள்!

ஒரு நல்ல செய்தியும் உண்டு. எம்.எல்.ஏ. அலுவலகத்திலேயே இப்போது இ-சேவை மேசை இருக்கிறது. வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் அங்கேயே பதிவு செய்யலாம், ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய். தாலுகா ஆபீஸ் மரத்தடியில் மனு எழுதுகிற தாத்தா, கோர்ட் ஃபீ ஸ்டாம்பு, கார்பன் தாள் எல்லாம் நினைவில் இருக்கிறவர்களுக்கு இது பெரிய மாற்றம். முதல்முறை என்றால் குடிமக்கள் கணக்கு எண் ஒன்று உருவாக்குவார்கள். அதற்குக் கொடுக்கும் கைபேசி எண் ஊரில் இருப்பவருடையதாக இருக்கட்டும். ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும், அமெரிக்க எண்ணைக் கொடுத்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். பதிவானதும் டிஎன் என்று தொடங்கும் விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று கோப்பு நகர்வதை அந்த எண்ணில் பார்க்கலாம்.

எதற்கு யாரிடம் போவது என்பதில்தான் வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆதார், பாஸ்போர்ட் மத்திய அரசு வேலை. ஆதாருக்கு எம்.எல்.ஏ. சான்றளிக்கலாம், ஆனால் இரண்டையும் விரைவுபடுத்த முடியாது, அதற்கு எம்.பி. அலுவலகம்தான் பேச முடியும். தெருவிளக்கு, சாக்கடை, குடிநீர்க் குழாய் உள்ளாட்சியைச் சேர்ந்தவை. பட்டா மாறுதல், சர்வே, சான்றிதழ் தாமதம் வருவாய்த் துறை, இங்கேதான் எம்.எல்.ஏ. கடிதத்துக்கு இன்னும் கொஞ்சம் வலு இருக்கிறது. ஆனால் வெறும் "ஆவன செய்யவும்" கடிதமாக வாங்காதீர்கள். கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண், ஏற்கெனவே விண்ணப்பித்த எண், தேதி எல்லாம் முதல் பத்தியிலேயே இருக்கட்டும். அதைத் தாலுகா ஆபீஸ் தபால் பிரிவில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் கணினியில் பதிவாகி மனு எண் கிடைக்கும். 1100-க்குப் போன் செய்து நிலை கேட்க அந்த எண் போதும். எண் இல்லாத மனு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்கக்கூட வழியில்லை. ரேஷன் கார்டு திருத்தம் என்றால் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் பொது விநியோகத் திட்ட முகாமே வேகமான வழி.

டிக்கெட் போடுமுன் காலண்டரைப் பாருங்கள். தேர்தல் அறிவிப்பு வந்து நடத்தை விதி அமலானால் எம்.எல்.ஏ. அலுவலகம் பூட்டப்பட்டுவிடும், திங்கள்கிழமை மனுக் கூட்டமும் நடக்காது. சட்டமன்றக் கூட்டத்தொடர் நடக்கும் வாரங்களில் உறுப்பினர் சென்னையில் இருப்பார். வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரைதான் ஊரில் பிடிக்க வாய்ப்பு. போகுமுன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "அண்ணே, ஆதார் ஃபார்ம்ல கையெழுத்து, போட்டோ மேலயும் சீல் வேணும்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு பிரதி நிரப்பி எடுத்துப் போங்கள், இரண்டிலும் படம் ஒட்டியபடி.