பெட்டியில் 20 எக்ஸ், லென்ஸில் 5 எக்ஸ்: சின்ன கேமரா வாங்குபவர்கள் கவனத்துக்கு

பாக்கெட்டில் அடங்கும் டிஜிட்டல் கேமராவைக் காட்டி யாராவது "20 எக்ஸ் ஜூம்" என்று சொன்னால், முதலில் கேட்க வேண்டியது இதுதான்: அந்த 20 மடங்கில் ஆப்டிகல், அதாவது லென்ஸே பெரிதாக்குவது, எவ்வளவு? பதில் நேராக வரவில்லை என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். என் தலையில் ஒரு கேமராவைக் கட்டியது இந்த ஓர் எண்ணை வைத்துத்தான்.

எனக்குத் தேவை பெரிதாக ஒன்றுமில்லை. அரங்கத்தின் பின்வரிசையில் உட்கார்ந்தபடி, மேடையில் ஆடுகிற பிள்ளையின் முகத்தைப் பிரேம் நிறைய எடுக்க வேண்டும். விற்பவரிடம் இதைத் தெளிவாகவே சொன்னேன். "20 எக்ஸ் சார், கண் இமைகூடத் தெரியும்" என்றவர், கடையின் மறுகோடியில் இருந்த ஒரு அறிவிப்புப் பலகையை முழு ஜூமில் இழுத்துக் காட்டினார். திரையில் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. வாங்கிவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்து படங்களைக் கணினியில் திறந்தால், முகம் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளம் மட்டும்தான் இருந்தது. கண்ணும் மூக்கும் தண்ணீர் பட்ட சாயம் போல ஒன்றோடொன்று ஓடியிருந்தன.

கேமராவையும் படங்களையும் எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். "கை ஆடியிருக்கு சார், ஒரு ட்ரைபாட் வாங்கிக்குங்க" என்று அதையும் விற்கப் பார்த்தார். கேமராவை மேசை மேல் வைத்து, டைமர் போட்டு எடுத்த படங்களையும் காட்டினேன். அவையும் அதே லட்சணம்தான். உடனே பேச்சு மாறியது: பெட்டியைப் பிரித்தாகிவிட்டது, பழுது இருந்தால்தான் மாற்றுவோம், இது பழுது இல்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் உண்மை. கேமராவில் ஒரு கோளாறும் கிடையாது. சொல்லி விற்றதுதான் பொய்.

கணக்கு இதுதான். ஆப்டிகல் ஜூம் என்றால் லென்ஸின் உள்ளே கண்ணாடிகள் நகர்ந்து, தூரத்துப் பொருளை, படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மேல் பெரிதாக விழ வைப்பது. டிஜிட்டல் ஜூமில் லென்ஸ் அசையவே அசையாது. விழுந்த படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுத்து, முழுப் படத்தின் அளவுக்கு இழுத்துப் பெரிதாக்கும். இடையில் இல்லாத புள்ளிகளைக் கேமரா ஊகித்து நிரப்பும். என் கேமராவில் 5 எக்ஸ் ஆப்டிகல், 4 எக்ஸ் டிஜிட்டல். இரண்டையும் பெருக்கி முன்பக்கம் கொட்டை எழுத்தில் 20. பிரித்துச் சொல்லும் வரி பெட்டியின் அடிப்பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

4 எக்ஸ் டிஜிட்டல் என்றால் நீளத்தில் நான்கில் ஒரு பங்கு, உயரத்திலும் நான்கில் ஒரு பங்கு. ஆக, சென்சாரில் 16-இல் ஒரு பங்குதான் படத்துக்குப் பயன்படுகிறது. 16 மெகாபிக்சல் கேமரா அந்த நேரத்தில் 1 மெகாபிக்சல் கேமரா. ஆனால் சேமிக்கும்போது 16 மெகாபிக்சல் கோப்பாகவே சேமிக்கும். அதனால் அளவைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

அப்படியானால் கடையில் எப்படிப் பளிச்சென்று தெரிந்தது? இதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாதிரி கேமராக்களின் திரை பலவற்றில் 2,30,000 புள்ளிகள் என்று போட்டிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாக எண்ணிச் சொல்வது அது. உண்மையில் 320-க்கு 240 பிக்சல், ஒரு மெகாபிக்சலில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு சின்னத் திரையில் 1 மெகாபிக்சல் படம் ஜம்மென்றுதான் இருக்கும். போதாததற்குக் கடை முழுக்க விளக்கு வெளிச்சம். விற்பவருக்கு இது தெரியாமலா இருக்கும்?

வாங்கும் முன் லென்ஸின் முகப்பைச் சுற்றி எழுதியிருப்பதைப் படியுங்கள். என்னுடையதில் 4.6-23.0 மிமீ என்று இருக்கிறது. லென்ஸின் குவியத் தூரம் ஜூம் இல்லாதபோது எவ்வளவு, முழு ஆப்டிகல் ஜூமில் எவ்வளவு என்று சொல்வது அது. 23-ஐ 4.6-ஆல் வகுத்தால் 5. அதுதான் அசல் ஜூம். பெட்டியில் எதைப் போட்டாலும் இந்த எண் மாறாது. ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால் அதில் ஆப்டிகல் ஜூமே இல்லை. மெகாபிக்சலை மட்டும் பெரிதாக எழுதி, "16 எக்ஸ் டிஜிட்டல் ஜூம்" என்று விற்கும் மலிவு கேமராக்கள் பெரும்பாலும் இந்த ரகம். அப்புறம், ஜூம் நெம்புகோலை மெதுவாக இழுத்துப் பாருங்கள். திரையில் வரும் பட்டை பல கேமராக்களில் ஒரு இடத்தில் கோடு போட்டோ நிறம் மாறியோ பிரிந்திருக்கும். அந்த இடத்தைத் தாண்டினால் வெட்டு வேலைதான். சோனியின் 'கிளியர் இமேஜ் ஜூம்', கேனானின் 'ஜூம்பிளஸ்' போன்றவை சாதாரண டிஜிட்டல் ஜூமைவிடக் கொஞ்சம் தேவலாம். ஆனாலும் லென்ஸ் செய்யும் வேலையோடு சேர்த்து எண்ணக் கூடாது.

அதே வளையத்தில் 1:2.8-6.3 என்றும் எழுதியிருந்தது. வெளிச்சம் நுழையும் திறப்பைச் சொல்லும் எண் அது, எண் பெரிதானால் வெளிச்சம் குறையும். ஜூம் போடாத அகலக் காட்சியில் 2.8, முழு ஜூமில் 6.3. உள்ளே வரும் வெளிச்சம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். இருட்டு அரங்கத்துக்கு வேண்டும் என்று கேட்பவரிடம் ஒரு நல்ல விற்பனையாளர் முதலில் இதைத்தான் சொல்லியிருப்பார்.

ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்கள் மெனுவில் போய் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். ஆப்டிகல் எல்லையோடு நிறுத்தி எடுத்து, வேண்டிய பகுதியைக் கணினியில் வெட்டினால் ஏறக்குறைய அதே தரம் கிடைக்கும். எங்கே வெட்டுவது என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கும். முழு டிஜிட்டல் ஜூமில் கை சற்று நகர்ந்தாலும் ஆள் பிரேமை விட்டே போய்விடுவார். அகலமாக எடுத்திருந்தால் கையாவது காலாவது வெட்டுப்படாமல் தப்பும். பிரிண்ட் போடுபவர்கள் தலைக்கு மேல் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள். இந்தக் கேமராக்களின் படத்தில் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் 4:3, ஆறுக்கு நான்கு அங்குலத் தாளில் 3:2. மேலும் கீழுமாக உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போய்விடும்.

கடையோடு வாதாட வேண்டியிருந்தால் ஒரே இடத்தில் நின்று இரண்டு படம் எடுங்கள், ஒன்று ஆப்டிகல் எல்லையில், இன்னொன்று முழு 20 எக்ஸில். கணினியில் கோப்பின் விவரங்களைத் திறந்தால் இரண்டிலும் குவியத் தூரம் ஒன்றாகவே இருக்கும். என்னுடைய இரண்டிலும் 23 மிமீ. அதை அச்சிட்டு, ரசீதோடும் பெட்டியின் படத்தோடும் சேர்த்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.